எழுத்துப் பெட்டியும் வெட்டுப் பொறியும்

கருவி மாறுந்தோறும் எழுத்தின் வடிவும் மாறும் என்பது நம் மொழி வரலாற்றை ஒரு சிறிது கற்றோர்க்கும் புலனாகும் உண்மை. கல்லில் உளி நடந்தபோது எழுத்து ஒருவகையாய் அமைந்தது; பனையோலையில் எழுத்தாணி ஓடியபோது வேறொருவகையாய் வளைந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியனார் இலக்கணம் வகுத்திருந்தும், ஓலை எழுதினோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர் அறிஞர். பின்னர் ஈயத்தால் வார்த்த அச்செழுத்து வந்தது. புள்ளியும் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. இக்காலத்தோ, கணிப்பொறி ஏவ, நகக்கண் அளவினதாகிய ஒரு கத்தி நம் எழுத்துக்களை வெட்டி எடுக்கின்றது. அக்கத்திக்கு எழுத்துக்களை எடுத்துக் கொடுக்கும் பெட்டி ஒழுங்காய் இருக்கின்றதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

வெட்டுப் பொறியை அறியாதார் பொருட்டுச் சில சொல்லுவோம். கிரிகட், சில்லவட் முதலிய பெயர்களோடு மேசைமேல் வைத்து ஆளத்தக்க சிறு பொறிகளும், கடைக்காரர் ‘பிளாட்டர்’ என வழங்கும் பெரிய பொறிகளும் உள. கணிப்பொறித் திரையில் எழுதிய எழுத்தின் விளிம்புக்கோட்டைப் பற்றிக்கொண்டு கத்தி ஓடும். காகிதமாயினும், ‘வினைல்’ என்னும் ஒட்டுத்தாளாயினும் அவ்வடிவாகவே வெட்டுண்டு வரும். நாகர்கோவில் நகரத்துக் கடைத்தெருக்களில் இத்தொழில் இப்பொழுது பெருகி நிற்கின்றது. வாகனங்களின் மேலுள்ள பெயர், கிறிஸ்மஸ் மரத்தடியில் நிற்கும் வாழ்த்து, அறுப்பின் பண்டிகை மேடையில் ஒளிரும் வேதவாக்கியம், திருமண அழைப்பின் அலங்காரம் ஆகிய யாவும் இப்பொறியின் வாய்ப்பட்டு வருவனவே. கல்லறைக் கற்களும் அவ்வாறே. வெட்டிய தாளைக் கருங்கல்லின்மேல் ஒட்டி, எழுத்தின் இடைவெளி வழியே மணலை விசையோடு பாய்ச்சிப் பெயரைப் பொறிக்கின்றனர்.

அக்கல்லறைக் கல் ஒன்றே எம்மை இப்பொருளில் சிந்திக்கத் தூண்டியது. எம் பாட்டியார் மறைந்த ஓராண்டு நிறைவின்போது கல் நாட்டக் கருதி, அவருடைய பெயரையும் பிறப்பிறப்பு நாட்களையும் தமிழில் தட்டெழுதிக் கைப்பேசி வழியாக ஒரு கடைக்கு அனுப்பினோம். அவர் பெயர் ‘பூ’ என முடிவது. கல் வந்தபோது அது ‘பு’ என முடிந்திருந்தது. மலர் குறுகிப் பொருளற்ற ஓரெழுத்தாயிற்று. யாம் அனுப்பியது பிழையற்றதே. ஆயின் அக்கடையின் கணிப்பொறியில் இருந்த அழகிய எழுத்துருக்கள் யாவும் பழைய முறையின. ஆதலால் யாம் அனுப்பிய எழுத்து அவற்றுள் புகாது. பணியாளர் அப்பெயரைக் கண்ணாற் பார்த்துக் கையால் மீண்டும் தட்டினார், நெடில் குறிலாயிற்று. கருங்கல்லில் பட்ட மணலைத் திரும்பப் பெறுதல் எவர்க்கும் இயலாது. அக்கல் இன்றும் அப்பிழையோடே நிற்கின்றது. பாட்டியாரின் பெயரைப் பள்ளிப் பருவத்தில் எமக்கு முதன்முதல் எழுதக் கற்பித்தவர் பாட்டியாரே என்பதை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நாணுகின்றது.

இது யாருடைய பிழை? பணியாளரைக் குறை கூறுதல் எளிது, நீதியன்று. காரணத்தை ஆராய்வோம். கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று வகுத்த ஏட்டைக் குறியேடு என்பர். உலகிலுள்ள மொழிகள் யாவற்றிற்கும் பொதுவாய் அமைந்த யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் அளிக்கப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் பொருத்திப் பாமினி முதலிய எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பொருத்தம் கொண்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியேடுகளை ஏற்றது. 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியையும், அதனோடு டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேட்டையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆணை பிறந்தும் கடைகளின் கணிப்பொறிகளில் பழைய எழுத்துருக்கள் குடிபோகவில்லை. அழகான தடித்த வடிவங்கள் பல அவற்றிலேயே இருத்தலும், கை பழகியிருத்தலும் அதற்குக் காரணங்களாம்.

இவ்வெழுத்துருக்களின் இயல்பை நோக்கின், அகத்தே உரோமன் எழுத்தாயும் புறத்தே தமிழ் எழுத்தாயும் நிற்பன அவை. உரிய எழுத்துருவை நீக்கிவிடின், தமிழ் மறைந்து, எவரும் படிக்கவொண்ணாத ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். தமிழ் அச்சு வரலாறு கற்றோர்க்கு இஃது ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டும். 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் வெளிவந்த தமிழ் ஞானோபதேச நூல் உரோமன் எழுத்துக்களாலேயே அச்சிடப்பட்டது. தமிழ் அச்செழுத்து அக்காலத்தில் இல்லாமையே காரணம். 24 ஆண்டுகள் கழித்து, 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்துக்களாலேயே அச்சேறியது. அன்று 24 ஆண்டுகளில் கடந்த தொலைவை, இன்று ஒருங்குறி தோன்றி 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கடைத்தெரு முற்றும் கடக்கவில்லை என்பது வியப்பிற்குரியது.

இனி, ஒழுங்கு என்பது யாது என்று காண்போம். பழைய அச்சுக்கூடத்தை அறிந்தோர், மரத்தால் ஆகிய எழுத்துப் பெட்டியை அறிவர். ‘கேஸ்’ என்று கம்பாசிட்டர்மார் வழங்கிய அப்பெட்டியில் ஒவ்வொரு வடிவிற்கும் ஓர் அறை உண்டு. தமிழிலோ அறைகள் மிகப் பல. உகர ஊகார வரிசைகள் மட்டுமே 36 தனி வடிவங்களை வேண்டுவன. வேலை முடிந்ததும் கோத்த எழுத்துக்களைப் பிரித்து, அந்தந்த அறையிற் போடுதல் கோத்தலைப் போன்றே ஒரு வேலையாகக் கருதப்பட்டது. ஓர் எழுத்து வேற்றறையில் விழுமாயின், அடுத்த நூலில் அது பிழையாய் முளைக்கும். ஈயத்திற்கு எடையும் விலையும் இருந்தமையால், வேண்டாத எழுத்துக்களை எவரும் வாங்கிக் குவித்திலர்.

நம் ஊரும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. 1818-ஆம் ஆண்டில் தென்திருவிதாங்கூரை அடைந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மீட் ஐயர், 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் அச்சுக்கூடம் ஒன்று நிறுவினார். திருவிதாங்கூரின் முதல் அச்சுக்கூடம் அதுவே என்பர். அக்காலத்தையொட்டியே மார்த்தா மால்ட் அம்மையார் இவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னுதலைக் கற்பித்தார். எழுத்தும் கைப்பணியும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் வேரூன்றின. இன்று அவ்விரண்டும் வெட்டுப் பொறியில் மீண்டும் ஒன்று சேர்ந்திருக்கின்றன. ஆயின் அன்றிருந்த பெட்டி ஒழுங்கு மட்டும் உடன் வரவில்லை.

இன்று எழுத்துருவிற்கு எடை இல்லை. பலவற்றிற்கு விலையும் இல்லை. ஆதலால் கைப்பணி செய்வோர் நூற்றுக்கணக்காய், சிலர் ஆயிரக்கணக்காய், அவற்றைத் தம் கணிப்பொறியில் நிரப்புகின்றனர். விளைவு யாது? வடிவமைப்பு மென்பொருள் திறப்பதற்கே காலம் நீள்கின்றது. பெயர்ப்பட்டியலோ முடிவின்றி இறங்குகின்றது. பெயரைக் கொண்டு வடிவை அறிதல் இயலாது. தமிழ் எழுத்துரு எது, தமிழ் இல்லாத எழுத்துரு எது என்பதும் தெரியாது. தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால், மென்பொருள் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வைக்கும், அல்லது வெறுங் கட்டங்களைக் காட்டும். விரைவில் வேண்டும் என்று வாடிக்கையாளர் வாயிலில் நிற்கும்போது, தொழிலாளி கைக்கு எட்டியதை எடுக்கின்றார். குவியல் செல்வமாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

யாம் எம் வகுப்புத் தோழர் சிலரோடு கூடி, துறை விழாவிற்கு எழுத்து வெட்டும் பொறுப்பை மேற்கொண்டபோது, பட்டறிவால் கண்ட முறைகளை இங்கே கூறுகின்றோம்.

முதலாவது, நிறுவி வைப்பது வேறு, சேமித்து வைப்பது வேறு என்று பிரித்தல் வேண்டும். நாடோறும் வேண்டும் பத்துப் பன்னிரண்டு எழுத்துருக்களை மட்டுமே கணிப்பொறியில் நிறுவுக. ஏனையவற்றைத் தனிக் கோப்புறைகளில் வைக்க. நெக்சஸ்பாண்ட், பாண்ட்பேஸ் போன்ற எழுத்துரு மேலாளர்கள் உள. மாக் கணிப்பொறியில் பாண்ட்புக் உடனே அமைந்துள்ளது. இவற்றால் வேண்டும்போது ஓர் எழுத்துருவை எழுப்பவும், வேலை முடிந்தபின் உறங்கச் செய்யவும் கூடும். கம்பாசிட்டர் எழுத்தைப் பிரித்துப் போட்டதற்கு இஃது ஒப்பாகும். புதிதாய் எழுப்பியது பட்டியலில் தோன்றாவிடின் மென்பொருளை மூடித் திறந்து பார்க்க.

இரண்டாவது, வகுத்தல் பெயரால் அன்றிப் பயனால் அமைதல் வேண்டும். ஒருங்குறி, பழைய முறை என்பது முதற்பிரிவு. தடித்தது, மெலிந்தது, அலங்காரமானது, பேனாவால் வரைவதற்குரிய ஒற்றைக்கோட்டெழுத்து என்பன உட்பிரிவுகள். அன்றியும், 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் வடிவம் மாறியது. பெரியார் 1935-ஆம் ஆண்டு முதல் தம் இதழில் வழங்கிவந்த வடிவங்களைச் சார்ந்தது அது. பழைய வடிவங்களையே காட்டும் எழுத்துருவும் சில உள. அவற்றையும் தனியே குறித்து வைத்தல் நன்று. ஒரே பலகையில் இருவகையும் கலத்தல் தகாது.

மூன்றாவது, ஒவ்வோர் எழுத்துருவிற்கும் மாதிரித்தாள் ஒன்று வேண்டும். தாளில் அச்சிட்டால் மட்டும் போதாது. வெட்டியும் பார்த்தல் வேண்டும். ஏனெனில் திரையில் அழகாய் நிற்பது கத்திக்கு அடங்காது. தமிழுக்கே உரிய இடர்கள் இரண்டு. ஒன்று, நம் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் தனித்து நிற்கும் அச்சிறு வட்டம், எழுத்தின் அளவு குறையக் குறையத் தாளினின்றும் பெயர்ந்து போகும். ஓலையெழுதினோர் அஞ்சிய அதே புள்ளி, கத்தியிடத்தும் நம்மைச் சோதிக்கின்றது! அவர்கள் புள்ளியை விட்டனர். நாம் விடுதல் தகாது. பெரிய புள்ளியுடைய எழுத்துருவைத் தேர்தலே முறை. மற்றொன்று, நம் எழுத்துக்களின் சுழிகள். ண, ன, ழ, இ போன்றவற்றை வண்ணம் பூசுவதற்குரிய அச்சுத்தகடாக வெட்டும்போது, மூடிய சுழியின் நடுப்பகுதி தீவுபோல் அறுபட்டு விழும். அதனைத் தாங்கச் சிறு பாலங்கள் வைத்த எழுத்துரு வேண்டும். இல்லையேல் நாமே பாலமிடல் வேண்டும். மாதிரித்தாளில் ங, ஞ, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றைத் தவறாது சேர்க்க. ‘ஸ்தோத்திரம்’ என்று எழுதப் புகுந்து, முதலெழுத்தே இல்லை என்று பண்டிகையின் முந்தின இரவில் அறிதல் துன்பமாம்.

நான்காவது, ஒருங்குறியை ஏற்றும் சில வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழெழுத்தின் கூட்டுமுறையை அறியாவாம். ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னும் சேமிக்கப்படும். கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துதல் மென்பொருளின் கடமை. அதனை அறியாதது கொம்பைப் பின்னே தள்ளும், அல்லது புள்ளிகளால் ஆகிய வட்டம் ஒன்றைக் காட்டும். அந்நிலையில், தமிழை நன்கறிந்த இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எழுதி, விளிம்புக்கோடாக மாற்றி, அக்கோட்டை வெட்டுப் பொறிக்குக் கொடுத்தல் ஏற்ற வழி. ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. கோடாக மாறிய எழுத்து எழுத்தன்று, வெறும் படமே. பின்னர்த் திருத்தவும் தேடவும் இயலாது. ஆதலின் எழுத்தாகவே உள்ள மூலத்தையும், கோடாக்கிய பிரதியையும், எழுத்துருவின் பெயரையும் ஆண்டையும் குறித்து ஒருங்கே வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, உரிமை. எழுத்துருவை வரைந்தவர் பல திங்கள் உழைத்த கைவினைஞர். தனிப்பயனுக்கு மட்டும் இலவசமாய் அவர் அளித்ததை விற்பனைப் பொருளில் வெட்டுதல் முறையன்று. விலைக்குரியதைப் படியெடுத்தலோ களவே. களவைப் பற்றிய கட்டளையை ஞாயிறுதோறும் கேட்கும் நாம், அக்கட்டளையையே களவாடிய எழுத்தால் வெட்டிச் சுவரில் ஒட்டுதல் எத்துணை நகைப்பிற்கிடம்! திறந்த உரிமத்தோடு வெளிவந்த நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று பல உள. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கடமரன், முக்த மலர், பவனம் முதலியன அவற்றுட் சில. அவற்றை எவரும் வணிகத்திற்கும் பயன்படுத்தலாம். உரிமத்தைக் கூறும் கோப்பை எழுத்துருவோடு பிரியாது வைத்தலே பெட்டியொழுங்கின் நிறைவாகும்.

இனி, யாம் கேட்ட மறுப்புக்கள் இரண்டிற்கு விடை கூறுவோம். தமிழ் கற்கும் மாணவர்க்குக் கத்தியும் தாளும் எதற்கு, அது கடைக்காரர் தொழில் அன்றோ என்பார் சிலர். அண்டிரிக் அடிகளாரும் சீகன்பால்கு ஐயரும் அவ்வாறு எண்ணியிருப்பின் தமிழ் அச்சு எந்நாளில் பிறந்திருக்கும்? ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்தடைந்தன. அவை பருத்திருந்தமையால் காகிதம் மிகுதியாய்ச் செலவாதல் கண்டு, அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்ப்பித்தே புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். மொழிபெயர்த்தலும் எழுத்தின் அளவை நோக்குதலும் அவர்க்கு ஒரே பணியாய் இருந்தன. எழுத்திலக்கணம் கற்கும் நாம், அவ்வெழுத்து வெளியே வரும் வாயிலைக் காவாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

கடைக்காரர்க்கு நேரமும் பொருளும் ஏது, பல்லாண்டு பழகியதை எங்ஙனம் விடுவர் என்பார் வேறு சிலர். இது மெய்ம்மையுடைய மறுப்பே. பழைய எழுத்துருவைக் கைவிடுக என்று யாம் கூறவில்லை. ஒருங்குறித் தமிழைப் பழைய முறைக்கும், பழையதை ஒருங்குறிக்கும் மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாய் உள. அவற்றைப் பயன்படுத்தின் கையால் மீண்டும் தட்ட வேண்டா. பூ குறுகிப் போகாது. இதனைச் சொல்லிக் கொடுக்க ஒரு பிற்பகல் போதும். அன்றியும், பிழையில் எம் பங்கையும் யாம் மறைத்தல் ஆகாது. வெட்டுமுன் மெய்ப்பைக் காட்டுக என்று யாம் கேட்கவில்லை. அச்சுக்கூடத்தில் புரூப் பாராது பாரம் ஏற்றுவாரில்லை. கருங்கல்லுக்கோ அதனினும் அச்சம் வேண்டும். யாம் கேட்டிருந்தால் அப்பணியாளர் மறுத்திருக்கமாட்டார்.

நம் மாவட்டத்துச் சிதறால் மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. மலை ஏறுவோர் பலர். அதனைப் படிப்போர் சிலர். எழுத்து வழக்கிழந்தும் கல் நின்றமையால், கற்றோர் அதனை மீட்டுப் படித்தனர். நம் கணிப்பொறிக் கோப்புக்களுக்கு அக்கல்லின் பொறுமை இல்லை. பெயரற்ற எழுத்துருவில் தட்டி, மூலத்தை வையாது விட்ட சபை நூற்றாண்டு மலர்களும், ஞானஸ்நானப் பட்டியல்களும், பாட்டுப் புத்தகங்களும் இன்னும் சில ஆண்டுகளில் வெறுங் குறிகளாய் மாறினால், அவற்றை மீட்கும் கல்வெட்டறிஞரை எங்கே தேடுவோம்?

ஆதலின் யாம் வேண்டுவது பெரியதொன்றன்று. நம் தமிழ்த் துறையில் ஓர் எழுத்துப் பெட்டி அமைக. திறந்த உரிமமுடைய பன்னிரண்டு எழுத்துருக்கள், ஒவ்வொன்றிற்கும் வெட்டிய மாதிரித்தாள், உரிமக் கோப்பு, மாற்றி, பயன்படுத்தும் முறை ஆகியவற்றைத் தொகுத்து, கேட்கும் சபைகளுக்கும் கடைகளுக்கும் விலையின்றி வழங்குவோம். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர் அதனைச் சரிபார்த்து அடுத்த வகுப்பிற்கு ஒப்புவிக்கட்டும். பழைய மாணவருள் அச்சுத்தொழில் அறிந்த பெரியோர் பலர் உளர். அவர்கள் வந்து வழிகாட்டினால் நன்றியுடையோம்.

மறைந்தோர்க்கு நாம் செய்யக்கூடிய இறுதி மரியாதை அவர் பெயரைப் பிழையின்றி எழுதுதல். எம் பாட்டியாருக்கு அதனைச் செய்யத் தவறினோம். இனி நாட்டப்படும் கற்களிலேனும், இனி ஒட்டப்படும் வாக்கியங்களிலேனும் நெடில் நெடிலாகவே நிற்பதாக.